குளிரில் இறுகும் எண்ணெய்: மருந்தா, மண்ணெண்ணெயா, சூடா?

ஜனவரி பிறந்தால் நுவரெலியா, கந்தப்பளை, பட்டிப்பொலப் பக்கம் லொறிக்காரர்களும் தேயிலை பெக்டரி ஆட்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "டீசலுக்கு ஏதாவது மருந்து ஊற்றலாமா?" குளிருக்கென்றே விற்கிற போத்தல்கள் கடையில் இருக்கின்றன. "அதெல்லாம் எதுக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா சரி" என்று சொல்லவும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். மூன்றாவது வழி சூடாக்குவது. எதற்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் காசைக் கொட்டுகிறவர்கள் நிறையப்பேர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டீசலில் மெழுகு எப்போதும் கரைந்தே இருக்கிறது. மேல்நாட்டு வீடுகளில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டிப்போய் நிற்பதைப்போல, குளிர்ந்தால் அந்த மெழுகும் பிரிந்து வெளியே வரும். முதலில் எண்ணெய் மங்கலாகும். இன்னும் குளிர்ந்தால் மெழுகுத் தகடுகள் ஃபில்டரை அடைக்கும். அதற்கும் கீழே போனால் எண்ணெய் ஓடவே ஓடாது. நம் இஞ்சினை நிறுத்துவது நடுவில் உள்ள நிலை, அதாவது ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை. ஆய்வுகூடத்தில் 20 மில்லிலீட்டர் எண்ணெயை 45 மைக்ரோன் வலை வழியாக உறிஞ்சி, 60 செக்கனுக்குள் ஏறுகிறதா என்று ஒவ்வொரு பாகையாகக் குளிரவைத்துப் பார்ப்பார்கள். இந்தியத் தரத்தில் அந்த அடைபடும் வெப்பநிலை கோடைக்கு 18 பாகை செல்சியஸ் வரை, குளிர்காலத்துக்கு 6 பாகை வரை போகலாம். ஐரோப்பாவில் கடுங்குளிர்ப் பகுதிகளுக்கு −20க்கும் கீழே இறங்கும் வகுப்புகள் உண்டு. வெப்ப நாட்டு டீசல் மலையேறும்போது ஏன் தடுமாறுகிறது என்பது இந்த இலக்கங்களிலேயே தெரிகிறது.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. ஹட்டன், பண்டாரவளையில் அந்த அளவுக்குக் குளிர் இறங்காது. ஆகவே டீசலைப் பற்றிய இந்தப் பேச்சு பெரும்பாலும் உச்சிப் பகுதிக்கே உரியது. அங்கேயும் வெட்டவெளியில் இரவு முழுக்க நிற்கும் லொறிக்கும், திறந்த இடத்தில் வைத்த ஜெனரேட்டர் தாங்கிக்கும்தான்.

சரி, மருந்து. இதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு வகைப் பொலிமர். அது மெழுகைக் கரைப்பதில்லை. படிகம் உருவாகும்போது அதோடு சேர்ந்துகொண்டு, பெரிய தகடாக வளரவிடாமல் சின்னச் சின்ன ஊசிகளாக வைத்திருக்கும். மெழுகு இருக்கும், ஆனால் வழி விடும். எண்ணெய் மங்கலாகும் வெப்பநிலை அநேகமாக அப்படியே நிற்கும். ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைதான் நல்லபடி கீழே போகும். இது புரிந்தால் மற்றதும் புரியும்: எண்ணெய் தெளிவாக, சூடாக இருக்கும்போதே மருந்தைச் சேர்க்க வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு, ஏற்கெனவே இறுகிய தாங்கியில் கொண்டுபோய் ஊற்றுவது வீண் செலவு. மாலையில் எரிபொருள் செட்டில் டீசல் அடிக்கும்போது, முதலில் மருந்து, பிறகு டீசல் என்று விட்டால் தானாகவே கலந்துவிடும். தேவையான அளவும் மிகக் கொஞ்சம். லேபிளில் உள்ளதைத் தாண்டி ஊற்றினால் கூடுதல் பலன் கிடைக்காது. லேபிளில் போட்டிருக்கும் "−30" போன்ற எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். எந்த டீசலில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

மண்ணெண்ணெய் மெழுகை உண்மையாகவே நீர்த்துப்போகச் செய்கிறது. அந்த வகையில் மருந்தைவிட நேர்மையான வழி. ஆனால் பத்து வீதம் கலந்தாலும் இரண்டு மூன்று பாகைதான் இறங்கும். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. டீசல்தான் பம்புக்கு மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்தக் குணம் குறைவு. கொமன் ரெயில் என்ற புது வகை டீசல் இஞ்சின்களின் உயர் அழுத்தப் பம்பு அதைத் தாங்காது. மலிவு என்ற வாதமும் 2022 ஓகஸ்டில் ஆட்டம் கண்டது: அப்போது லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. லயங்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் அதை நம்பியிருந்த குடும்பங்களை அந்த ஏற்றம் எப்படி அடித்தது என்பதை மலையகம் மறக்காது. பெற்றோல் கலக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். பெற்றோல் ஆவி சாதாரணக் குளிரிலும் தீப்பற்றும். டீசல் தாங்கியை அது வெடிகுண்டாக்கிவிடும்.

மருந்தைவிட, மண்ணெண்ணெயைவிட நான் முதலில் கேட்பது: அது மெழுகுதானா? ஃபில்டரைக் கழற்றி, அதிலுள்ள எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அடுப்படிப் பக்கமாக வையுங்கள். மெழுகென்றால் சூடேறியதும் கலங்கல் மறைந்து தெளியும். தண்ணீர் என்றால் அடியில் தனிச் சொட்டாக நிற்கும். கறுத்த சளிபோல் வந்தால் அது தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் வளரும் கிருமி. மூடுபனிப் பிரதேசத்தில் அரைத் தாங்கியோடு நிற்கும் வண்டிகளுக்குள் ஈரம் படிவது சர்வ சாதாரணம். குளிர் என்று பழி போடப்படுகிற பல கோளாறுகள் இந்தத் தண்ணீராலேயே வருகின்றன. அடித்தண்ணீரை வடித்து, இரவில் தாங்கியை நிரப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

பெரிய அடுப்புகளில் எரிக்கும் தடித்த எண்ணெயான பர்னஸ் ஒயில் தனிக்கதை. கொதிகலனுக்கோ தேயிலை உலர்த்தும் டிரையருக்கோ அதை எரிப்பவர்களிடமும் மருந்தை விற்க வருகிறார்கள். அது ஓடத் தொடங்கும் வெப்பநிலையை மருந்து கொஞ்சம் குறைக்கலாம், தடிப்பைக் குறைக்காது. பர்னர் முனையில் எண்ணெய் புகைபோலச் சிதற வேண்டுமென்றால் கனமான வகைகளை 100 பாகையை ஒட்டிச் சூடாக்கித்தான் ஆகவேண்டும். சூடாக்குவது எப்படியும் கட்டாயம் என்றால் மருந்துக்குக் கொடுக்கிற காசு எதற்கு? அந்தப் பணத்தில் தாங்கியிலிருந்து பர்னர் வரையுள்ள குழாய்க்கு வெப்பக்காப்பு சுற்றுங்கள். சூடாக்கியின் பலவீனம் மின்வெட்டுதான். உருட்டிய தூள் புளித்துக்கொண்டிருக்கும்போது டிரையர் நின்றால் அன்றைய கொழுந்து முழுக்க நாசம். அதனால் வேலை முடியும் நேரத்தில் கடைசிச் சில நிமிடங்கள் டீசலுக்கு மாற்றி எரித்து, குழாயில் பர்னஸ் ஒயில் தங்காமல் கழுவிவிட்டு நிறுத்துவது நல்லது.

நுவரெலியாவில் வெட்டவெளியில் லொறி நிறுத்துகிறவராக இருந்தால், டிசம்பர் கடைசியில் ஒரு போத்தல் மருந்து வாங்கி வையுங்கள். தண்ணீரை வடித்த பிறகும் காலையில் இஞ்சின் திணறினால் அன்று மாலை டீசல் அடிக்கும்போது சேருங்கள். கூரைக்குள் நிற்கும் வண்டிக்கு அதுவும் வேண்டாம்.