எடிட்டிங் மேசைக்கு எந்த வெளிச்சம்: ஜன்னலா, டியூப்லைட்டா, இருட்டா?

போன தை முகூர்த்தத்தில் ஒரு கல்யாண ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணின் பெரியப்பா முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க தம்பி, மாப்பிள்ளைக்கு மஞ்சக் காமாலைங்களா?" என்றார். மானிட்டரையும் பிரிண்டரையும் திட்டி முடித்த பிறகுதான் தலைக்கு மேலே தொங்கிய 3000 கெல்வின் மஞ்சள் பல்பு கண்ணில் பட்டது (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு, குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிட்டால் 6500 கெல்வினில் வைத்த மானிட்டர் திரை நீலமாகத் தெரியும், நாமும் படத்தில் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போவோம். மஞ்சள் பல்பு படுக்கையறையோடு இருக்கட்டும்.

ஜன்னல் வெளிச்சம் காசில்லாமல் வருகிறது, நிறமும் அருமை, ஆனால் ஒரு நிலையில் நிற்காது. ஆடி மாதம் பல்லடம் பக்கம் உட்கார்ந்து பாருங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடம் முன்பு சரியாக இருந்த முகம் இப்போது மங்கலாகத் தெரியும். ஜன்னலுக்குக் கெட்டித் திரைச்சீலை போட்டு அடைத்துவிட்டேன்.

முழு இருட்டு அதைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். இருட்டில் திரை பளிச்சென்று அடிப்பதால் கை தானாகப் படத்தை இருட்டாக்கும், அச்சில் எல்லார் முகமும் கரி. கண் எரிச்சல் தனி.

கடைசியில் நிஜப் போட்டி இரண்டு டியூப்லைட்டுகளுக்குள்தான். இரண்டின் அட்டையிலும் 6500 கெல்வின், ஆனால் சாதாரண டியூப்பின் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண், 80 சொச்சம், இன்னொன்று 95. திரையை மட்டும் பார்க்கிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. திருப்பூர் கேட்லாக் வேலையில் பையர் ஓகே பண்ணிய துணித்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரையோடு ஷேடு பார்க்கும்போதுதான் தெரியும். 80-ல் அரக்குச் சிவப்பு செத்துப்போய்ச் செங்கல் மாதிரி இருக்கும். பனியன் கம்பெனிகளில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்) என்று விளக்கு மாற்றி மாற்றி லைட் பாக்ஸில் துணி பார்ப்பதும் இதற்குத்தான், ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துண்டு இன்னொன்றில் ஒத்துப்போகாது.

நான் 95-ஐ வாங்கி மானிட்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்து மாட்டினேன். திரை நிறங்களுக்கான எஸ்ஆர்ஜிபி தரநிலையே சுற்று வெளிச்சத்தை 64 லக்ஸ் (வெளிச்ச அளவு) என்றுதான் வைக்கிறது, அதாவது மங்கல். அப்புறம் பார்த்தால் சுவர் இளம்பச்சை! பட்டுத் தெறித்த வெளிச்சமும் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, இப்போது சுவர் வெளிர் சாம்பல். அச்சுப் படம் சரிபார்க்க மட்டும் பக்கத்து மேசையில் 5000 கெல்வின் விளக்கு ஒன்று தனியாக.