மதுரையில் கட்டண முதியோர் பராமரிப்பு: மாதக் கட்டணத்துக்குள் எது வரும், எது வராது

பெற்றோரைக் காசு கட்டிப் பார்த்துக்கொள்ளச் செய்ய மதுரையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஊருக்கு வெளியே தோட்டமும் தனி அறையுமாக இருக்கும் கட்டண முதியோர் இல்லம். இரண்டு, ஊருக்குள் வாடகைக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து படுக்கைகளோடு நடக்கும் நர்சிங் இல்லம். மூன்று, ஏஜென்சி அனுப்பும் அட்டெண்டரை வீட்டிலேயே வைத்துக்கொள்வது. பெயர் சொல்லி எதற்கும் மதிப்பெண் போடவில்லை. ஒரே இல்லம்கூட நல்ல ஆயா இருவர் வேலையை விட்டுப் போனால் ஒரே மாதத்தில் தரம் இறங்கிவிடும். எந்த இல்லமானாலும் போனில் சொல்லும் தொகை பெரும்பாலும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். பராமரிப்பு எவ்வளவு கிடைக்கும் என்பதை ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு மாதம் 22,000 என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4 டயப்பர் என்றால் மாதம் 120. ஒன்று 35 ரூபாய் என்றால் 4,200. அண்டர்பேட் (படுக்கைமேல் விரிக்கும், ஈரம் உறிஞ்சும் விரிப்பு) நாளைக்கு 2, ஒன்று 20 ரூபாய் என்றால் 1,200. டாக்டர் மாதம் இரண்டு முறை வந்தால் 1,000. பிசியோதெரபி வாரம் மூன்று, தடவைக்கு 400 என்றால் 4,800. உணவு அல்லது சிறுநீர் டியூப் மாற்ற 500. மாத்திரை மருந்து சேர்க்காமலே 33,700 வந்துவிட்டது. அதனால் ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்பதைவிட, ‘இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குப் போன மாதம் மொத்தம் எவ்வளவு பில் போட்டீர்கள்? பெயரை மறைத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டயப்பரை நீங்களே வாங்கித் தரலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், எத்தனை செலவாகிறது என்பதும் தெரியும். நான்கு எழுதியிருந்து இரண்டுதான் தீர்ந்திருந்தால், ஈரத்திலேயே படுக்கவைத்திருக்கிறார்கள்.

இரவு ஆட்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை முட்டுக் கொடுக்க ஒருவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அப்படிப் பன்னிரண்டு பேர் இருந்தால் 120 நிமிடம். அதாவது ஒரே ஆயா ராத்திரி முழுக்க ஒரு நிமிடம் உட்காராமல் செய்தால்தான் முடியும். எந்த மனுஷியாலும் முடியாது. கனத்த உடம்பு என்றால் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஆறு படுக்கை நோயாளிக்கு இரவில் ஒருவர், உதவிக்குக் கூப்பிட இன்னொருவர் என்பது எங்கள் குறைந்தபட்ச அளவு. ஆட்கள் போதாத இடத்தில் இடுப்பின் பின்பக்க எலும்பு, குதிகால், இடுப்பு மூட்டுப் பக்கங்களில் முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. ஏர் பெட் (பம்ப் வைத்த காற்று மெத்தை) போட்டிருக்கிறோமே என்பார்கள். அது புரட்டுவதற்கு மாற்று இல்லை. கரண்ட் போனால் பம்ப் நின்று காற்று இறங்கிவிடும். இன்வெர்ட்டரில் அந்த பிளக் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் டியூப் இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு. கஞ்சியோ பவுடரோ ஒரு நேரத்துக்கு 200 முதல் 250 மில்லி. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். அவசரத்தில் படுத்தவாக்கில் ஊற்றினால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். டியூப் பிடுங்கிக்கொண்டால் மறுபடி போட்டதும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்காமல் எதையும் ஊற்றக் கூடாது. அதைச் செய்யப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும், அட்டெண்டர் போதாது. யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதனால் ஊசி நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போவது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வேண்டாம். இரவு எட்டுக்கு மேல், அல்லது விடிகாலையில் போங்கள். புரட்டிய நேரம் எழுதும் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளின் எல்லா வரிகளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வில் இருந்தால் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. டியூபைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுவதும், கத்துகிறார் என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் நடக்கும். டாக்டர் எழுதாமலும் உங்களிடம் சொல்லாமலும் இரண்டையும் செய்யக் கூடாது என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்.

நடமாடுகிறவர், மறதி தொடங்கியவர் என்றால் பழகிய வீட்டிலேயே அட்டெண்டர் வைப்பது நல்லது என்றே சொல்வோம். ஆனால் ‘24 மணி நேர ஆள்’ என்பவரும் தூங்கியாக வேண்டும். இரவில் நாலு தடவை எழுந்திருக்கும் அப்பாவுக்கு அது சரிப்படாது, இரண்டு ஷிப்ட் வேண்டும், செலவும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது சம்பளத்தைவிட, ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் என்பது. வீட்டில் வைத்திருந்தால் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கை கொடுக்கும்: பிபி, சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே இலவசமாக வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இதற்கு உதவும் என்று எண்ணிப் பணத்தை ஒதுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஓய்வு, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு ஆகியவற்றுக்காகச் சேர்வதைப் பாலிசிகள் பொதுவாக விலக்கியே வைத்திருக்கும். 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் 5 லட்சமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007-இன் கீழ் பிள்ளைகள் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய மாதத் தொகையின் உச்சவரம்பு 10,000. மேலே போட்ட பில்லில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வருமான வரிக்கு: காப்பீடு இல்லாத மூத்த பெற்றோரின் மருத்துவச் செலவில் 50,000 வரை பழைய வரி முறையில் கழிக்கலாம், பணத்தை ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் 60 வயது நிறைந்தவருக்கு, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லில் வரி ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

மதுரைக்கென்று ஒன்று. அழகர்கோவில் சாலைப் பக்கத்து இல்லத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி மருத்துவமனை) வர வேண்டுமானால் தல்லாகுளம், கோரிப்பாளையம்தான் வழக்கமான வழி. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரின் எதிர்சேவை, ஆற்றில் இறங்கும் நாட்களில் அந்தப் பாதை முழுக்கக் கூட்டம். ஆட்களும் அந்த வாரம் லீவு கேட்பார்கள். தீபாவளி, பொங்கலுக்கும் அப்படியே. அந்த நாட்களில் எத்தனை பேர் இருப்பார்கள், மாற்று வழியில் எந்த ஆஸ்பத்திரி, 108-இல் கூட ஏறி வருவது யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ‘குடும்பத்தார்தான் வர வேண்டும்’ என்பதே பல இடத்தில் பதில். வெளியூரில் இருப்பவர்கள் உள்ளூரில் ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் எண்ணை இல்லத்தில் எழுதிவைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: அட்வான்சில் திரும்பி வரும் தொகை எவ்வளவு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் படுக்கை வாடகை உண்டா, வருடாந்தர உயர்வு எத்தனை சதவீதம், நிலை மோசமானால் அதிகக் கட்டணத்துக்கு யார் முடிவில் மாற்றுவார்கள். வருடம் 10 சதவீதம் என்றால் 22,000 மூன்று வருடத்தில் 29,000-ஐத் தாண்டும். இயற்கை மரணம் என்றால் காரணச் சான்று தரும் டாக்டர் யார் என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம். பதிவுக்கு 21 நாள்தான், அந்தச் சான்று இல்லாமல் அலைய நேரிடும்.