நியூ ஆர்லியன்ஸ் பியானோவைத் தேடி ஒரு மென்பொருள்

பியானோ வாசித்துப் பாடிய அமெரிக்கக் கலைஞர் ஃபேட்ஸ் டோமினோவின் ‘தி ஃபேட் மேன்’ பாட்டு 1949 டிசம்பர் 10 அன்று, நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் ஜே அண்ட் எம் ஸ்டூடியோவில் பதிவானது. டேப் கிடையாது, நேரடியாக இசைத்தட்டில் வெட்டினார்கள். டிரம்ஸ், சாக்ஸபோன், பியானோ எல்லாம் ஒரே சின்ன அறைக்குள். ஒருவரின் மைக்கில் இன்னொருவரின் சத்தமும் கசியும். அந்த நெரிசல்தான் எனக்கு உயிர்.

அதற்காகவே, அப்ரைட் பியானோவின் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) ஒலியைக் கணினியில் தரும் இந்த மென்பொருளை வாங்கினேன். நடு ஸ்தாயியில் அசத்துகிறது. ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள் இருக்குமே, அவை இம்மியளவு விலகி நிற்கும் அந்த நடுக்கம் அப்படியே கேட்கிறது. பெடலை விட்டதும், அதிர்வை நிறுத்தும் டேம்பர் கம்பியில் உட்காரும் மெல்லிய ‘புஸ்’ கூட இருக்கிறது. காது வைத்துக் கேட்டபோது சிலிர்த்துவிட்டது.

குறை? வலது கையில் விடாமல் ட்ரிப்லெட் (ஒரு தட்டுக்கு மூன்று அடி) அடித்தால், மெதுவான ஒலியிலிருந்து பலமான ஒலிக்குத் திடீரென்று தாவுகிறது. நிஜப் பியானோ அப்படித் தாவாது. கூடவே வரும் எதிரொலியும் வேண்டாத பளபளப்பு. முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

நான் ஒலியை மோனோவாக்கி (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி), ஒரு பழைய ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பத்தடி தள்ளி ஒரே மைக்கில் பிடித்தேன். அறை உள்ளே வந்ததும்தான் பியானோ பியானோவாக ஒலித்தது. ப்ளூஸ் வாசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இது ஒத்துவராது.