தையலைப் பார்ப்பதா, தையல்காரரைப் பார்ப்பதா?

தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் வாரம் ஒரு முறை கூடும் பேய்ப்படப் பைத்தியங்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எங்களுக்கு அண்ணன். இன்னொருவன் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் மச்சான். மூன்றாவது நான்.

போன மாதம் அண்ணன் ஒரு கேள்வியோடு வந்தார். மகளுக்கு அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்கில் வேலை. ஜூனில் அண்ணனும் அண்ணியும் மூன்று மாதம் அங்கே போகிறார்கள். "பேத்தியைப் பாத்துக்கற நேரம் போக, எனக்குன்னு ஒரே ஒரு சனி ஞாயிறு கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். பேய்ப்பட மாநாட்டுக்குப் போறதா, இல்ல படம் எடுத்த இடங்களைச் சுத்தறதா? நீதான் ரெண்டும் பாத்தவனாச்சே, சொல்லு."

பார்த்தவன்தான். இரண்டு வருடம் முன்பு அக்கா மகள் பிரசவத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே பிட்ஸ்பர்க்குக்குப் போனேன். டீக்கடையில் நான் சொன்ன பதில் அண்ணனுக்குப் போதவில்லை, மச்சானுக்குப் புரியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் மாநாடு. கட்சி மாநாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் நெரிசலும் டோக்கனும் அப்படியேதான். ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளம் முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு கூடத்தில் கடைகள்: முகமூடி, போஸ்டர், டி-ஷர்ட், பழைய வீடியோ கேசட். இன்னொரு கூடத்தில் நடிகர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் கலந்துரையாடல், ராத்திரி படம், ஒப்பனைப் போட்டி எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணத்தோடு செலவு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். கையெழுத்துக்குத் தனிக் காசு, கூட நின்று படம் எடுக்கத் தனிக் காசு. சின்ன வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு நடிகரிடம் கையெழுத்து வாங்க நாற்பது டாலர் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது. பெயர் கேட்டார், எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அதில் இரண்டு எழுத்தை முழுங்கிவிட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பதி தர்ம தரிசன வரிசையில் 'ஜருகு ஜருகு' என்று தள்ளிவிடும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அங்கேயாவது வெளியே வந்தால் லட்டு கிடைக்கும்.

கூட்டமில்லாத மூலைகளில்தான் மாநாட்டின் சாரம் இருக்கிறது. இது எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் உறைத்தது. கடைசி வரிசையில் ஒப்பனைக்காரர் ஒருவர், முன்னால் வந்து நின்ற பையனின் முழங்கையில் ஒரு வெட்டுக்காயம் செய்துகொண்டிருந்தார். தோல் நிறத்து மெழுகைச் சப்பாத்தி மாவு போல உருட்டிக் கைமேல் வைத்தார். ஓரங்களை விரலால் நீவி நீவி, எது மெழுகு எது தோல் என்று தெரியாதபடி இழைத்தார். நடுவில் ஒரு கரண்டிக் காம்பால் கீறினார். பிளவுக்குள் முதலில் போட்டது சிவப்பு இல்லை, கிட்டத்தட்ட கறுப்பு. அதன்மேல் கறுஞ்சிவப்பு, கடைசியாகப் பிளவின் ஓரத்தில் மட்டும் பளீர் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் முழங்கை கூசியது. பக்கத்தில் நடைபிணம் வேஷம் போட்ட ஒரு இளவட்டம், வாய் முழுக்க பசை ஒட்டியிருந்ததால் சாப்பிட முடியாமல் உறிஞ்சுகுழல் வைத்து எதையோ குடித்துக்கொண்டிருந்தான். பயமுறுத்த வந்தவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டது அன்றைக்குத்தான்.

அதே மூலையில், இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1968-ஆம் வருட நடைபிணப் படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்த காலத்தில் கூடமாட வேலை செய்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வரிசையே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசத் தயாராக இருந்தார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "படத்தில் வேலை செய்தது எப்படி இருந்தது?" நம் டிவியில் இசை வெளியீட்டு விழா வாசலில் மைக்கை நீட்டிக் கேட்பார்களே, அதே கேள்வி. அவரும் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய பதிலைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கை குலுக்கிவிட்டு வந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று மறுவாரம் தெரிந்தது.

இனி இடங்கள். பிட்ஸ்பர்க் போகும் தமிழர்கள் யாரும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரப் பெருமாளைச் சேவிக்காமல் திரும்புவதில்லை. எழுபதுகளில் கட்டிய கோயில். அங்கே சாப்பிட்ட புளியோதரையைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசுகிறாள். அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மன்ரோவில் என்ற ஊரின் மால் இருக்கிறது. ரொமேரோ 1978-இல் கொண்டுவந்த 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் பிணங்கள் கூட்டம் கூட்டமாக நடந்து திரிவது இந்த மாலில்தான். பகலில் வியாபாரம் நடக்கும், கடை சாத்திய பிறகு விடிய விடியப் படப்பிடிப்பு. கிறிஸ்துமஸ் தோரணம் கட்டிய நாட்களில் எடுக்க முடியாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். படத்தில் வரும் பனிச்சறுக்குத் தளத்தைத் தேடினேன், காணோம். அதை எப்போதோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வைத்துவிட்டார்கள். உள்ளே ரொமேரோவுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. துளசி வாசம் போகாத கையோடு பிணங்கள் ஏறிய நகரும் படிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவைக் கேட்டால், "ஏசி நல்லா இருந்துச்சு" என்பாள்.

சரி, பயம் வந்ததா? வரவில்லை. வெளிச்சம், குழந்தைகள், பொரித்த கோழி வாசனை. வேறு ஒன்று வந்தது. நடு ராத்திரியில் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டடம் எப்படி இருக்கும் என்று யாருக்கோ தோன்றி, அதை நம்பி ஒரு படமே எடுத்திருக்கிறார்கள் என்று உடம்புக்குப் புரிந்தது. அன்றிலிருந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ராத்திரி ஒரு மணிக்குப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

அடுத்த வாரம் எவன்ஸ் சிட்டி. பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் சின்ன ஊர். 1968 படத்தின் தொடக்கத்தில் வரும் கல்லறைத் தோட்டம் அங்கேதான். நடுவில் இருக்கும் சிறு பிரார்த்தனைக் கூடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றபோது ரசிகர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒரு குடும்பம் பூங்கொத்தோடு வந்து ஒரு கல்லறை முன்னால் நின்றது. நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். நம் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். எவனோ சினிமாவில் பார்த்தேன் என்று செருப்புக் காலோடு அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்தால் சும்மா விடுவோமா? அண்ணனுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மச்சானுக்காக எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆனால் படத்தில் நடைபிணத்துக்குப் பயந்து கதாநாயகி ஓடிப்போய் ஒளியும் பண்ணை வீடு இல்லை. இடிக்கவிருந்த வீட்டைத்தான் படத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள், படம் முடிந்ததும் இடித்துவிட்டார்கள். படத்தில் முக்கால்வாசிச் சண்டையும் வீட்டின் கீழறைக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பற்றித்தானே? அந்தக் கீழறை அந்த வீட்டிலேயே இல்லை. அதை எடுத்தது பிட்ஸ்பர்க்கில் ரொமேரோ குழுவின் விளம்பரப்படக் கம்பெனியின் கட்டடத்துக்கு அடியில். கதவைத் திறந்து படி இறங்கினால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கிறார்கள். சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றிய படம். அதில் இந்த ஒட்டு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் புல்வெளியில் நிற்கும்போதுதான் பெரியவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எனக்கு வரிசையாக வந்தன. அவரோ ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாஷிங்டன் போனபோதும் இதே கதைதான். 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பாதிரியார் ஜன்னலிலிருந்து குதித்து உருண்டு விழும் ஜார்ஜ்டவுன் படிக்கட்டில் 75 படிகள். அந்த ஊர்க்காரர்கள் அதில் ஓடி ஏறி உடற்பயிற்சி செய்கிறார்கள். தீர்த்தமலை ஏறிய அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. மேலே நின்று பார்த்தால் ஒன்று உதைக்கிறது: ஜன்னலிலிருந்து குதித்தால் படியில் விழவே முடியாது, வீடு அவ்வளவு தள்ளி இருக்கிறது. படத்துக்காக வீட்டுக்குப் பக்கவாட்டில் பொய்யாக ஒரு பகுதியைக் கட்டி ஜன்னலைப் படிக்கட்டுக்குக் கிட்டே கொண்டுவந்திருக்கிறார்கள். படிகள்மேல் ரப்பர் ஒட்டித்தான் சண்டைக் கலைஞர் உருண்டார்.

இதைத்தான் டீக்கடையில் 'தையல்' என்று சொன்னேன். தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது அழகு தெரியும். திருப்பிப் பார்த்தால்தான் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே துணி போதாமல் துண்டு வைத்திருக்கிறது என்று தெரியும். இடங்கள் அந்த உள்பக்கத்தைக் காட்டுகின்றன. மாநாட்டில் தையல்காரரே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சட்டையைத் திருப்பிப் பார்க்காதவன் அவரிடம் "நல்லா தைச்சிருக்கீங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்வான்?

அதனால் அண்ணனுக்கு என் கட்சி இது. ஒன்றுதான் முடியும் என்றால் இடம். செலவு பெட்ரோலோடு போயிற்று, வரிசை கிடையாது, அண்ணியும் கூட வரலாம், வழியில் பெருமாளும் கிடைப்பார். இன்னொரு காரணமும் உண்டு. மன்ரோவில் மால் கட்டடத்தை 2025-இல் வால்மார்ட் வாங்கிவிட்டது. இடித்து வேறு மாதிரி கட்டுவதாகத் திட்டம். பனிச்சறுக்குத் தளம் போன வழியில் மீதியும் போவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். மாநாடு அடுத்த வருடமும் நடக்கும்.

இதை நான் சொன்னதும் அண்ணன் கணக்கு வாத்தியார் புத்தியைக் காட்டினார். "1968-ல இருபத்தஞ்சு வயசுன்னா இப்ப என்ன வயசு? மாநாடு நடக்கும்ப்பா. அவங்க இருப்பாங்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் யோசித்துத்தான் 'லிவிங் டெட் வீக்கெண்ட்' நினைவுக்கு வந்தது. ரொமேரோ படங்களின் ரசிகர்கள் அந்த மாலிலேயே கூடி நடத்திவந்த விழா அது. எடுத்த இடத்திலேயே எடுத்தவர்களையும் பார்க்கலாம். அப்படி ஒன்று அண்ணன் போகும் நாளில் அமைந்தால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம். அமையாவிட்டால் சனிக்கிழமை எவன்ஸ் சிட்டி, ஞாயிற்றுக்கிழமை மாநாடு. மாற்றிப் போகவே கூடாது. நான் மாற்றித்தான் போனேன்.

மச்சான் இவ்வளவு நேரமும் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "நமக்கு விசாவும் இல்ல, டாலரும் இல்ல. நம்ம பக்கம் என்ன இருக்கு?" நியாயம்தான். அவனுக்கு மாநாடு, இடம் என்ற பஞ்சாயத்தே வேண்டாம், கேரளா போதும். 1993-இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தின் மாளிகை உண்மையில் இரண்டு அரண்மனைகள். ஒன்று எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் திருப்பூணித்துறை ஹில் பேலஸ். இன்னொன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தும் கேரள அரசு பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. இரண்டுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். படத்தில் ஒரே வீடு.

பெங்களூரு எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தர்மபுரி வழியாகத்தான் போகிறது. காலையில் தர்மபுரியில் ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம். காவேரிப்பட்டணத்தில் ரயிலே கிடையாது என்பதால் மச்சான் முதல் நாளே என் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை போனால் இரண்டுமே மூடியிருக்கும். ஹில் பேலஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலாக் கூட்டம் அதிகம், பயத்துக்கு இடமே இல்லை. பத்மநாபபுரம் அப்படி இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் கால் வைத்தால் மத்தியான வெயிலிலும் உள்ளங்கால் சில்லென்கிறது. நிலைப்படிகள் தாழ்வு, குனிய மறந்து நான் ஒரு முறை தலையில் வாங்கினேன். மர ஜாலி வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழும் நடையில் கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் பலகை ஒரு முறை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன். நாலு அமெரிக்க ஊரில் வராதது அங்கே வந்தது.

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். போன வாரம் டீக்கடையில், அந்தப் பெரியவரையோ அவர் மாதிரி ஒருவரையோ பார்த்தால் கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வியைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். எவன்ஸ் சிட்டி வீட்டில் கதவைத் திறந்தவர் வேறொரு நாள் பிட்ஸ்பர்க்கில் படி இறங்கியிருக்கிறாரே, சட்டையில் இருந்த வியர்வைக் கறையை எப்படி ஒரே இடத்தில் வைத்துக்கொண்டீர்கள்?