மட்டோபோ தேசியப் பூங்கா போகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஜிம்பாப்வேயில் விக்டோரியா அருவியைப் பார்த்த கையோடு புலவாயோ போய் மட்டோபோ மலைகளையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் அண்ணனும் ஒரு சுற்றுலா ஏஜென்சியிடம் மாட்டிக்கொண்டோம். பணம் போனது ஒரு பக்கம். ஒரு பாறை ஓவியத்துக்கு என் கண்ணெதிரே நடந்த கொடுமையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

புலவாயோவிலிருந்து தெற்கே 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது மட்டோபோ. கருங்கல் குன்றுகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல நிற்கும் உருண்டைப் பாறைகள், அவற்றின் அடியில் குகைகள். இந்த மலைத்தொடரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பாறை ஓவியங்கள் பதிவாகியிருக்கின்றன. வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தீட்டியவை. 2003இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. மழை தரும் தெய்வமாக ம்வாரியை வணங்கும் மக்கள் இன்றைக்கும் இந்த மலைகளில் இருக்கும் கோயில்களுக்கு வேண்டுதலோடு வருகிறார்கள். கூடவே வெள்ளைக் காண்டாமிருகம், கருப்புக் காண்டாமிருகம், சிறுத்தை, ஹைராக்ஸ் என்ற முயல் அளவுள்ள பாறை விலங்கைப் பிடித்துத் தின்னும் கருங்கழுகு எல்லாம் உண்டு. ஓவியத்தையும் உயிரினத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்பதற்காகத்தான் நாங்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் ந்ஸ்வாட்டுகி குகை, போமோங்வே குகை, இந்த நாட்டைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்த செசில் ரோட்ஸின் கல்லறை இருக்கும் குன்று, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு நடந்து போய்க் காண்டாமிருகம் பார்ப்பது எல்லாம் இருந்தன. "கட்டணங்கள் எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டதற்கு "எல்லாம் அடக்கம்" என்று பதில் வந்தது. பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பினோம். மீதியைக் காலையில் வண்டி ஏறும்போதே டாலர் நோட்டாக எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

இவர்கள் காசு பார்ப்பது எப்படி என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது. பூங்கா வாயிலில் வாங்கும் கட்டணம் வனவிலங்குத் துறைக்குப் போகிறது. ரோட்ஸின் கல்லறைக்கும் முக்கியமான குகைகளுக்கும் ஜிம்பாப்வேயின் தேசிய அருங்காட்சியக, நினைவுச்சின்னத் துறை தனியாக டிக்கெட் போடுகிறது. காண்டாமிருகங்களைத் தேடிப் போகிற வோவி பகுதி, வேலி போட்டுப் பிரித்த இன்னொரு பகுதி. எங்கள் டிரைவர் முதல் வாயிலில் மட்டும் பணம் கட்டினார். கல்லறைக் குன்றின் அடிவாரத்தில் டிக்கெட் கொடுப்பவர் முன்னால் நின்றபோது, "இது உங்கள் செலவு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏஜென்சிக்கு போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. எங்கள் பணத்தைக் கொடுத்து மேலே ஏறினோம். (அங்கே சில்லறை கிடைப்பது பெரும்பாடு. கிழிந்த, அழுக்கான டாலரை வாங்கவும் மாட்டார்கள். சின்ன நோட்டுகளை நல்லதாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.)

அந்தக் குன்றின் பெயர் மலிந்திட்ஜிமு. முன்னோர் ஆவிகள் உறையும் இடமாக உள்ளூர் மக்கள் மதிக்கும் குன்று அது. அதன் உச்சியில்தான் 1902இல் ரோட்ஸைப் புதைத்தார்கள். அந்த மண்ணைப் பறித்தவருடைய உடல் அந்த மக்களின் புனித இடத்திலேயே கிடக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? டிரைவருக்கு ரோட்ஸின் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து ந்ஸ்வாட்டுகிக்குப் போகவேண்டும். "அங்கே பாதை சரியில்லை, இதுவும் அதேபோல்தான்" என்று சொல்லி, சாலையோரமாக, காவலாள் யாரும் இல்லாத குகைபோல் உள்வாங்கிய ஒரு சின்னப் பாறை ஒதுங்கிடத்துக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கத்தான். சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு மான் கூட்டம், பக்கத்தில் வில்லோடு ஓடும் மெல்லிய உருவங்கள். ஒரு மானின் பின்னங்காலை ஒரே இழுப்பில் வரைந்திருக்கிறார்கள், குளம்பு வரைக்கும் கோடு பிசிறவில்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுவரில் விசிறி அடித்துவிட்டார். நிறம் சட்டென்று கருஞ்சிவப்பாக எழுந்தது. "சீக்கிரம் போட்டோ எடுங்கள், காய்ந்துவிடும்" என்கிறார்! அண்ணன் பாய்ந்து போய் பாட்டிலைப் பிடுங்கினார். ஓவியத்தின் கீழே தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பட்டால் பாறையில் உள்ள உப்பு கரைந்து மேலே வரும். காய்ந்த பிறகு ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் படியும், வண்ணமும் உதிரும். அந்தச் சுவரில் ஏற்கெனவே அப்படி வெளுத்த திட்டுகள் இருந்தன. எத்தனை வண்டிகள் வந்து எத்தனை பாட்டில்களைக் கொட்டினவோ. போமோங்வே குகையில் போன நூற்றாண்டில் ஓவியங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையோ பூசி, பெரும்பகுதி பழுப்புக் கறையாகிப் போனது. நல்ல எண்ணத்தில் செய்ததற்கே அந்தக் கதி என்றால், போட்டோவுக்காகத் தண்ணீர் அடிப்பவர்களை என்ன சொல்வது?

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூடுதலாகப் பணம் கொடுத்தால் ந்ஜெலெலெ கோயிலுக்கே ரகசியமாகக் கூட்டிப்போவதாகச் சொன்னார். மழைக்காக மக்கள் வந்து வேண்டுகிற மூலக்கோயில் அது. அதைப் பராமரிப்பவர்களின் அனுமதி இல்லாமல் வெளியாள் காலடி வைக்கக்கூடாத இடம். இப்படி யாராவது ஆசை காட்டினால் அந்த நிமிடமே வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். கருவறைக்குள் செருப்போடு போகச் சொல்வதற்கு ஒப்பானது இது.

காண்டாமிருகம் பற்றிக் கேட்டபோது, ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தித் தூரத்துப் புல்வெளியைக் கை காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டி அட்டையைக் காட்டச் சொன்னேன், இல்லை. ஜிம்பாப்வேயில் தொழில்முறை வழிகாட்டி உரிமம் வாங்குவது லேசான காரியம் இல்லை. எழுத்துத் தேர்வு, ஆண்டுக்கணக்கில் பயிற்சி, துப்பாக்கித் திறன் சோதனை எல்லாம் கடந்து வரவேண்டும். முழு உரிமம் உள்ளவர்தான் ஆபத்தான விலங்குகள் இருக்கும் இடத்தில் பயணிகளை நடத்திக் கூட்டிப்போகலாம். பயிற்சி நிலையில் இருப்பவர் கூடாது.

மறுநாள் விடுதிக்காரர் மூலமாக அப்படி உரிமம் உள்ள ஒருவரோடு வோவிக்குப் போனோம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உதிர்த்துவிட்டு, எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார். முள்மர நிழலில் ஒரு தாயும் கன்றும். தாயின் கொம்பு கொஞ்சம் கட்டை மட்டும் விட்டு அறுக்கப்பட்டிருந்தது. கள்ளவேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற அதிகாரிகளே அறுத்துவிடுகிறார்கள். ஏஜென்சி அனுப்பிய படத்தில் இருந்த நீளக் கொம்பு மிருகம் இந்த ஊருடையதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதே விளம்பரத்தில் "பிக் ஃபைவ்" (சிங்கம், யானை, சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற ஐந்து) என்றும் போட்டிருந்தார்கள். மட்டோபோவில் சிங்கமும் யானையும் கிடையாது, அவற்றுக்கு ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்குப் போகவேண்டும். மட்டோபோவில் சிங்கம் காட்டுகிறேன் என்பவரிடம் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

அன்று மாலை ந்ஸ்வாட்டுகி குகைச் சுவரில் தீட்டிய ஒட்டகச்சிவிங்கிகளையும் பார்த்தோம். பாதை நன்றாகத்தான் இருந்தது.

ஏஜென்சி ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. "டிரைவர் நல்லவர், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று ஒரு வரி, அதன்பின் எண்ணை முடக்கிவிட்டார்கள். புலவாயோவில் உள்ள அருங்காட்சியகத் துறை அலுவலகத்தில் தண்ணீர் அடித்த சம்பவத்தை, வண்டி எண்ணோடும் போட்டோவோடும் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த அம்மா அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொண்டார்.

நீங்கள் பேரம் பேசும்போது பூங்கா, நினைவுச்சின்னங்கள், வோவி என்று ஒவ்வொரு கட்டணத்தையும் பிரித்து எழுதி வாங்குங்கள். வருகிற வழிகாட்டியின் பெயரையும் உரிம அட்டையின் படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். முன்பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பாமல் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். மீதிப் பணத்தைக் குகை பார்த்து முடித்த பிறகே கொடுப்பேன் என்று சொல்லுங்கள். யாராவது ஓவியத்தின் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால் கூச்சப்படாமல் கையைப் பிடித்துத் தடுங்கள்.