லோயர் ஆர்ம் புஷ்: ஒரே வண்டியில் இரண்டு முறை மாற்றிய பின்

பழைய காரின் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றுவது செலவுக்குத் தகுந்த வேலைதானா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய வண்டியும் என்னுடையதைப் போலப் பத்து வயதைத் தாண்டியது. முன்பக்க அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே சொல்லில் ‘ஆம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வண்டியில், முன்சக்கரத்தை உடற்சட்டத்தோடு இணைக்கும் ‘லோயர் ஆர்ம்’ என்ற கீழ்க்கையின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களை இரண்டு முறை மாற்ற வேண்டி வந்தது. முதல் முறை போட்டவை ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை. அடுத்த முறை போட்டவை சில ஆண்டுகள் கடந்தும் உறுதியாக இருக்கின்றன. இரண்டு முறையும் வாங்கியது ஒரே தயாரிப்பு, ஒரே வகை ரப்பர். வேறுபாடு முழுவதும் வேலையின் கடைசிச் சில நிமிடங்களில் இருந்தது என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். புஷ் மாற்றினால் பள்ளங்களில் எழும் ‘டொக்’ சத்தம் நிற்கும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், நின்றது. நான் எதிர்பாராதது பிரேக்கில் வந்த மாற்றம். வேகமாகச் செல்லும்போது அழுத்திப் பிடித்தால் முன்னெல்லாம் வண்டியின் மூக்கு ஒரு கணம் பக்கவாட்டில் நழுவும், ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். காலை எடுத்ததும் அடியில் ஏதோ தன் இடத்துக்குத் திரும்பி உட்காருவது போல ஓர் அசைவு தெரியும். இந்தத் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூடுவதால், ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிப்போய், வண்டியின் இயல்பே இதுதான் என்று எண்ண வைத்துவிடுகிறது. புதிய புஷ்களோடு முதன்முதலாகப் பிரேக்கை அழுத்தியபோது வண்டி நேர்க்கோட்டில் நின்றதைப் பார்த்து, இத்தனை காலம் என் கைகள் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தன என்பது புரிந்தது.

இதன் காரணம் எளியதுதான். ஆர்மின் பின்பக்கப் புஷ், சக்கரம் பள்ளத்தில் மோதும்போது சில மில்லிமீட்டர் பின்னோக்கி நகர இடம் கொடுக்கும்படி வேண்டுமென்றே மென்மையாக அமைக்கப்படுகிறது. அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேராக உடற்சட்டத்துக்கு ஏறிவிடும். ரப்பர் கிழிந்துவிட்டால் அந்தச் சில மில்லிமீட்டர் பெருகி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அளவுக்கு மீறிப் பின்னால் போகிறது, அதன் டோ கோணமும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது. இரு பக்கமும் ஒரே அளவில் கிழிவது அரிது. ஆகையால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பலர் இதை டயரின் குறை என்றோ ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றோ முடிவு கட்டி, அவற்றுக்குச் செலவழித்த பின்னரே புஷ்ஷின் பக்கம் திரும்புகிறார்கள்.

இவ்வளவு நல்ல பலனைத் தந்த புஷ்கள் முதல் முறை ஏன் அவ்வளவு விரைவில் கிழிந்தன? ஆர்மை உடற்சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டுகளை, வண்டி லிஃப்டில் உயர்ந்து சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதே பதில். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வகைப் புஷ், வெளியே ஓர் உலோக உறை, உள்ளே ஓர் உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையே இரண்டோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைக்கப்பட்ட ரப்பர் என்ற மூன்றும் சேர்ந்தது. இதில் எதுவும் எதன்மேலும் வழுக்கிச் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் உடற்சட்டத்தோடு அசையாமல் பிடிபடுகிறது; ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு, பின் தன் நிலைக்குத் திரும்புகிறது. அந்த ‘தன் நிலை’ எது என்பதைத் தீர்மானிப்பது, போல்ட் இறுகிய கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதுதான். ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்றும், லிஃப்டில் சக்கரம் 90 மி.மீ. கீழே தொங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், கோண வேறுபாடு ஏறத்தாழ 15 டிகிரி வரும். அப்படி இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், அது சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கப்பட்டு நிற்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதற்கு மேலும் முறுக்கு ஏறுகிறது. இரவும் பகலும் ஓய்வே இல்லாத ரப்பர் கிழியத்தான் செய்யும். வேலை முடிந்து வந்த வண்டியின் முன்பக்கம் முன்பைவிடச் சற்று உயர்ந்து நின்றால், முறுக்குண்ட ரப்பர் உடலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று ஐயுறலாம்.

‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று அந்தப் பட்டறையில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உலோகத்தோடு ஒட்டிய ரப்பர், கிழிவதைத் தவிர வேறு எந்த வழியிலும் ‘சரியாக’ முடியாது. ஆனாலும் அவர்களைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். பழைய புஷ்களை ஆர்முக்குக் காயம் படாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வெளியே தள்ளியதும், புதியவற்றைக் கோணாமல் நேராக ஏற்றியதும், துருப்பிடித்த ஒரு போல்ட்டை உடைக்காமல் பொறுமையாகக் கழற்றியதும் தேர்ந்த கைகளின் வேலை. உடல் வருத்தமும் அனுபவமும் தேவைப்பட்ட பகுதிகளை எல்லாம் சிறப்பாகச் செய்துவிட்டு, வண்டியை இறக்கி இறுக்குவது என்ற எளிய பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். திறமை இல்லாதவர்கள் என்றால் மறந்திருப்பேன். திறமை உள்ளவர்கள் என்பதால்தான் மனம் ஆறவில்லை.

இரண்டாம் முறை வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டார். அந்த ஒன்றைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. புதிய புஷ்களோடு ஆர்மைப் பொருத்தியபின் போல்ட்டுகளைக் கையளவு இறுக்கத்தில் விட்டு, ஜாக்கியால் சக்கர ஹப்பை அளந்த உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, அதன்பிறகே இறுக்கத்தின் அளவைக் (டார்க்) காட்டும் டார்க் ரெஞ்சால் நிறுவனக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினார். குழி உள்ள பட்டறையாக இருந்தால் ஜாக்கிகூடத் தேவையில்லை. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதே கீழிருந்து இறுக்கிவிடலாம். இதற்குப் பிடிக்கும் கூடுதல் நேரம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்பக்கப் புஷ்ஷின் ரப்பரில் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளிகள் இருக்கும். அவற்றைக் கிழிசல் என்று எண்ணி நல்ல புஷ்ஷைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. புதியதை ஏற்றும்போது அந்த இடைவெளிகள் ஆர்மில் உள்ள குறியோடு பொருந்த வேண்டும். கோணம் மாறினால் மென்மை வேண்டிய திசையில் கடினமும் கடினம் வேண்டிய திசையில் மென்மையும் வந்துவிடும். ஏற்றுவதற்குச் சோப்பு நீர் போதும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். குறிப்பிட்ட டார்க்குக்குப் பின் மேலும் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கையேடு சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தத் தக்கவை. அவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து மாற்றி, முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆர்மின் சக்கரப் பக்க முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தால் ஆர்மையே முழுதாக மாற்றிவிடுவது நல்லது.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் என்ற கடினமான செயற்கைப் பொருளால் ஆன புஷ் போடலாமா என்றும் நண்பர் கேட்டார். நான் இங்கே குறைகூறும் தவறு பெரும்பாலான பாலியூரிதேன் புஷ்களைத் தீண்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவற்றின் உள்குழாய் வழுக்கிச் சுழலும் வகை. எந்த நிலையில் இறுக்கினாலும் அவற்றில் முறுக்கு தங்காது. ஆயினும் அவற்றுக்குரிய சிலிக்கோன் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும்; சாலையின் சிறு நெருடல்கூட உள்ளே கேட்கும். அன்றாடம் குடும்பத்தோடு செல்லும் வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இந்த வண்டியில் இதுவரை நான் செய்த பழுதுபார்ப்பு வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். இருந்தும், உடனே போய் மாற்றிவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ஆர்ம் போல்ட்டுகளை வண்டியின் எடை இறங்கிய நிலையில் இறுக்குவீர்களா?’ என்று பட்டறையில் முதலில் கேட்கட்டும். தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லி, எப்படிச் செய்வார் என்பதையும் விளக்குபவரிடம் மட்டும் வண்டியை விடட்டும். நண்பரின் வண்டியின் கீழே நானும் படுத்துப் பார்த்தேன். ரப்பரில் மேல்வெடிப்புகள் இருக்கின்றனவே தவிர, அது உலோகத்தை விட்டு இன்னும் பிரியவில்லை. கடப்பாரையால் நெம்பியபோதும் தளர்ச்சி தெரியவில்லை. சரியான ஆள் கிடைக்கும்வரை அந்தப் பழைய புஷ்களோடேயே ஓட்டட்டும். முன்டயர்களின் உள்விளிம்பை மட்டும் மாதம் ஒருமுறை கைவைத்துத் தடவிப் பார்க்கட்டும். அங்கே தேய்மானம் தெரிந்தாலோ, பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் நகர்ந்தாலோ, அதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது.