கூகுள் வணிகப் பக்கமா, சொந்த இணையதளமா?

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், இணையத்தில் தேடுவோர் கண்ணில் பட முதலில் எதில் கை வைப்பது என்று தயங்குவது இயல்பே.

செலவு: வணிகப் பக்கத்துக்கு (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரங்களைக் காட்டும் Google Business Profile) கட்டணம் இல்லை. இணையதளத்துக்கு டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) இரண்டுக்கும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும்.

தேடலில் இடம்: பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்துவதால், பக்கத்துத் தெருவிலிருந்து "கிரைண்டர் ரிப்பேர்" என்று தேடுபவருக்கு மேப்பில் தெரிவது வணிகப் பக்கம்தான், ஆனால் தொழில் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ, ஞாயிறு விடுமுறையைக் குறிக்காமல் விட்டாலோ (பலரும் கோட்டை விடுவது இங்கேதான்) பலன் குறையும். கல் கொத்துவதற்கும் பெல்ட் மாற்றுவதற்கும் தனித்தனியே விளக்கம் எழுத இணையதளமே ஏற்றது.

நிலைப்பு: வணிகப் பக்கம் கூகுளின் கையில் இருக்கிறது, அதன் வழியே இலவசமாக அமைத்த எளிய இணையதளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. சொந்த டொமைனோ, முறையாகப் புதுப்பிக்கும் வரை உங்களுடையது.

கடைக்கு நேரில் வருவோரை நம்பித் தொழில் செய்பவருக்கு வணிகப் பக்கமே போதும். வெளியூருக்கு உதிரிபாகங்கள் அனுப்புபவர் இணையதளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது முகவரியும் தொலைபேசி எண்ணும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.